ஆயுதக் குழுக்களின் அயல்நாட்டுப் புரவலர்களைத் தடைகள் எப்போது பின்வாங்க வைக்கின்றன?

(திரையில்: நாகப்பட்டினத்தை அடுத்த பனங்குடி, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை)

நரிமணத்தில் கிடைத்த எண்ணெயைக் கொண்டு 1993-ஆம் ஆண்டு பனங்குடியில் தொடங்கப்பட்ட இந்த ஆலையைக் காவிரிப் படுகையில் அறியாதவர் குறைவு. ஆனால் இதற்கு உரிமையுள்ள சென்னை பெட்ரோலியம் நிறுவனத்தில், ஈரான் தேசிய எண்ணெய்க் கழகத்தைச் சார்ந்த நாஃப்டிரான் இன்டர்ட்ரேடு என்ற நிறுவனம் 15.4 விழுக்காடு பங்குகளை வைத்திருப்பதைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். லெபனானின் ஹிஸ்புல்லா போன்ற குழுக்களுக்குப் பணமும் ஆயுதமும் தருவதாகக் கூறி, 1984 முதல் ஈரானை அமெரிக்கா பயங்கரவாத ஆதரவு நாடுகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. ஈரானிய எண்ணெய் மீதான தடையிலிருந்து இந்தியாவுக்கு அதுவரை அளித்து வந்த விலக்கையும் 2019 மே மாதத்தில் அமெரிக்கா நீட்டிக்க மறுத்ததும், இந்தியா ஈரானியக் கச்சா எண்ணெய் வாங்குவதையே நிறுத்தியது. பெய்ரூட்டில் இயங்கும் ஒரு குழுவின் பொருட்டும் விதிக்கப்படும் தடையில், நம் கடற்கரையில் ஆலை அமைத்த ஒரு நிறுவனத்தின் பங்குதாரரும் சிக்கிக்கொள்கிறார்.

இத்தனை தூரம் நீளும் இந்தத் தடைகள், ஆயுதக் குழுக்களை வளர்க்கும் அரசுகளை உண்மையிலேயே பின்வாங்க வைக்கின்றனவா என்பதைத்தான் இந்தக் காணொளியில் பார்க்கப் போகிறோம். தடையின் கடுமையைக் காட்டிலும், அதனுடன் வைக்கப்படும் கோரிக்கை தெளிவாக இருக்கிறதா என்பதும், அதை நிறைவேற்றினால் தடை உறுதியாக நீங்குமா என்பதுமே பலனைத் தீர்மானிக்கின்றன என்பது வரலாற்றைப் படிக்கும்போது தெரிய வருகிறது.

(திரையில்: லிபியாவின் வரைபடம்)

இதற்குச் சிறந்த சான்று லிபியா. 1988 டிசம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேலே பான் ஆம் விமானம் வெடித்துச் சிதறியதில் 270 பேர் மாண்டார்கள்; அவர்களில் 11 பேர் தரையில் தங்கள் ஊரில் இருந்தவர்கள். மறு ஆண்டு நைஜர் பாலைவனத்தின் மேலே ஒரு பிரெஞ்சு விமானம் தகர்க்கப்பட்டு 170 பேர் இறந்தார்கள். இரண்டிலும் சந்தேகம் லிபிய உளவுத்துறையின் மீது விழுந்தது. ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 1992 மார்ச்சில் 748-ஆம் தீர்மானத்தின் வழியே லிபியாவுக்கான விமானப் போக்குவரத்தையும் ஆயுத விற்பனையையும் தடை செய்தது. 1993-இல் 883-ஆம் தீர்மானம் வெளிநாட்டில் இருந்த அரசுச் சொத்துகளை முடக்கி, எண்ணெய்த் தொழிலுக்கு வேண்டிய சில கருவிகளின் விற்பனையையும் தடுத்தது. எண்ணெய் ஏற்றுமதியை மட்டும் எவரும் தொடவில்லை, ஏனென்றால் ஐரோப்பாவுக்கு அந்த எண்ணெய் தேவைப்பட்டது.

அரைகுறையாகத் தோன்றும் இந்தத் தடை பலித்ததற்குக் காரணம், கேட்கப்பட்டது என்ன என்பதில் குழப்பம் இல்லாததுதான்: குற்றம் சாட்டப்பட்ட இருவரை ஒப்படைக்க வேண்டும், பயங்கரவாதத்தைக் கைவிட வேண்டும், இழப்பீடு தர வேண்டும். ஆயினும் ஏழு ஆண்டுகள் பிடித்தன. 1998 ஜூனில் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு, விமானத் தடையை இனி மதிக்கப் போவதில்லை என்று முடிவெடுத்தபோது, தடையின் கட்டுக்கோப்பே கலையத் தொடங்கியது. அந்த நெருக்கடியில்தான், நெதர்லாந்து மண்ணில் ஸ்காட்லாந்துச் சட்டப்படி விசாரணை நடத்தலாம் என்ற சமரசத்துக்கு அமெரிக்காவும் பிரிட்டனும் இணங்கின. 1999 ஏப்ரலில் லிபியா இருவரையும் ஒப்படைத்தது, தடைகளும் உடனே நிறுத்திவைக்கப்பட்டன. 2003-இல் லிபியா ஏற்ற 270 கோடி டாலர் இழப்பீட்டின் அமைப்பு இன்னும் கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு குடும்பத்துக்குமான ஒரு கோடி டாலரில், ஐ.நா. தடை நீங்கியதும் 40 லட்சம், அமெரிக்கத் தடை நீங்கியதும் 40 லட்சம், பயங்கரவாத ஆதரவுப் பட்டியலிலிருந்து பெயர் நீங்கியதும் 20 லட்சம் என்று தவணைகள் பிரிக்கப்பட்டிருந்தன. தடையிலிருந்து வெளியேறும் வழி, படிப்படியாக எழுத்தில் வகுக்கப்பட்டிருந்தது என்பதே இதன் பொருள்.

சூடானின் கதை சுருக்கமானது, ஆனால் கசப்பானது. எகிப்து அதிபர் முபாரக்கைக் கொல்ல 1995-இல் அடிஸ் அபாபாவில் நடந்த முயற்சியில் தேடப்பட்டவர்களை ஒப்படைக்காத சூடான் மீது, மறு ஆண்டு ஐ.நா. தடை வந்தது. 1996 மே மாதத்தில் ஒசாமா பின் லேடன் சூடானை விட்டு வெளியேற நேர்ந்தது. அவர் சென்று சேர்ந்த இடம் ஆப்கானிஸ்தான். ஒரு புரவலரை அச்சுறுத்துவதும் குழுவைச் செயலிழக்கச் செய்வதும் ஒன்றல்ல.

இனி ஈரானுக்கு வருவோம். 2018 மே மாதத்தில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் பாம்பியோ ஈரானிடம் 12 கோரிக்கைகளை வைத்தார். அணுத் திட்டம், ஏவுகணைகள், ஹிஸ்புல்லா, ஹமாஸ், யேமனின் ஹூதிகள், சிரியாவில் இருந்த படைகள் என அனைத்தும் அதில் அடங்கின. எந்த ஒன்றைச் செய்தால் எந்தத் தடை நீங்கும் என்பது அதில் இல்லை. மேலும், தன் அணுத் திட்டத்தைக் கட்டுப்படுத்த 2015-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்கு ஈரான் கட்டுப்பட்டு நடப்பதாகச் சர்வதேச அணுசக்தி முகமை சொல்லிக் கொண்டிருந்த நேரத்தில்தான் அமெரிக்கா அதிலிருந்து விலகியது. எண்ணெய் வருமானம் பெரிதும் சரிந்து, ரியாலின் மதிப்பு வீழ்ந்து, சாதாரண ஈரானியரின் சமையலறை வரை துயரம் எட்டியது. ஆயுதக் குழுக்களுக்கான உதவி நிற்கவில்லை. ஒரு நாட்டின் வரவுசெலவோடு ஒப்பிட்டால் ஓர் ஆயுதக் குழுவைப் பேணும் செலவு சிறியது, அரசு கடைசியாகக் குறைக்கும் செலவும் அதுவாகவே இருக்கும்.

பாகிஸ்தான் விஷயத்திலும் இதைக் காணலாம். 2019 பிப்ரவரியில் புல்வாமா தாக்குதலுக்குப் பின் இந்தியா 200 விழுக்காடு சுங்க வரி விதித்தது. ஆனால் பாகிஸ்தானிலிருந்து நாம் வாங்கியதே ஆண்டுக்கு 50 கோடி டாலருக்குக் குறைவு என்பதால், அழுத்தம் தருமளவுக்கு வணிகமே இல்லை. அதைவிடக் கூடுதலாக வேலை செய்தது, பயங்கரவாத நிதியைத் தடுக்க நாடுகளைக் கண்காணிக்கும் சர்வதேச அமைப்பான நிதி நடவடிக்கைப் பணிக்குழு (FATF) 2018 ஜூன் முதல் பாகிஸ்தானைச் சாம்பல் பட்டியலில், அதாவது கூடுதல் கண்காணிப்புப் பட்டியலில், வைத்ததுதான். மொத்தம் 34 நிபந்தனைகள், ஒவ்வொன்றுக்கும் ஆய்வு, நிறைவேற்றினால் விடுதலை. லஷ்கர்-இ-தொய்பாவை நிறுவிய ஹபீஸ் சயீதுக்குப் பயங்கரவாத நிதி வழக்கில் 2020-இல் தண்டனை கிடைத்தது இந்தக் காலத்தில்தான். 2022 அக்டோபரில் பாகிஸ்தான் பட்டியலிலிருந்து வெளிவந்தது. அந்தப் பிடி விலகியிருக்கக் கூடாது என்று இந்தியா வருந்துவதில் நியாயம் இருக்கிறது.

(திரையில்: கோடியக்கரை, மாலை நேரக் கடல்)

நம் கடற்கரைக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. 1983 ஜூலைப் படுகொலைகளுக்குப் பிறகு, வேதாரண்யம், கோடியக்கரைப் பகுதியிலிருந்து ஈழப் போராளிக் குழுக்களின் படகுகள் சென்று வந்ததைக் கண்ட தலைமுறை இன்னும் இங்கே வாழ்கிறது. அப்போது புரவலராக இருந்தது இந்தியாதான். இலங்கையால் இந்தியாவின் மீது எந்தத் தடையும் விதித்திருக்க முடியாது. அந்த ஆதரவு முடிவுக்கு வந்தது அயல்நாட்டு நெருக்குதலால் அன்று. தன் மண்ணை இலங்கையின் ஒற்றுமைக்கு எதிராகப் பயன்படுத்த விடமாட்டேன் என்று இந்தியா 1987 ஜூலை ஒப்பந்தத்தில் ஏற்றதாலும், ராஜீவ் காந்தி கொலைக்குப் பின் 1992 மே மாதத்தில் புலிகளைத் தடை செய்ததாலும்தான். உறவும் இன உணர்வும் கலந்த ஆதரவைச் சுங்க வரியால் அளக்க முடியாது என்பதை நாம் பிறரைவிட நன்றாக அறிவோம்.

தடைகளின் சுமையையும் நாம் சுமக்கிறோம். கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் வளைகுடாவிலிருந்து வரும் பணத்தை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். 1999-இல் 1267-ஆம் தீர்மானத்தோடு தொடங்கிய ஐ.நா. பட்டியலில் உள்ள பெயரோடு அனுப்புபவரின் பெயர் ஒத்துப்போனாலே, சரிபார்ப்பு முடியும் வரை வங்கி பணத்தை நிறுத்திவைக்கும். அரபுப் பெயர்கள் பொதுவானவை என்பதால் இந்தத் தவறு மீண்டும் மீண்டும் நேர்கிறது. 2014-இல் சூடான், ஈரான், கியூபா தடைகளை மீறியதற்காகப் பிரான்சின் பி.என்.பி. பரிபாஸ் வங்கி ஏறத்தாழ 900 கோடி டாலர் செலுத்த நேர்ந்த பிறகு, சந்தேகம் வந்தால் மறுத்துவிடுவதே மேல் என்று வங்கிகள் எண்ணுவதில் வியப்பில்லை. வங்கி மறுத்த பணம், வங்கிக்கு வெளியே கைமாறும் உண்டியல் (ஹவாலா) வழியே போகிறது. கண்காணிக்கவே முடியாத அந்த வழியைத்தான் ஆயுதக் குழுக்களும் விரும்புகின்றன.

இதைச் சரிசெய்யும் முயற்சியாக, மனிதாபிமான உதவிக்கான பணத்தைச் சொத்து முடக்கத்திலிருந்து விலக்கும் 2664-ஆம் தீர்மானம் 2022 டிசம்பரில் நிறைவேறியது. பதினான்கு நாடுகள் ஆதரித்தன. ஆயுதக் குழுக்கள் தொண்டு அமைப்புகளின் போர்வையில் இதைத் தவறாகப் பயன்படுத்தும் என்று கவலை தெரிவித்த இந்தியா மட்டும் வாக்களிக்கவில்லை. இந்தக் கவலை பொய்யானதன்று. ஆனால் அந்த விலக்கு தொண்டு நிறுவனங்களுக்கானது. மாதச் சம்பளத்தை வீட்டுக்கு அனுப்பும் தொழிலாளிக்கு அதில் இடமில்லை. பெயர் ஒற்றுமையால் நின்றுபோகும் பணத்தை இத்தனை நாட்களுக்குள் விடுவிக்க வேண்டும் என்ற கட்டாயமும், அதற்குப் பொறுப்பான ஓர் அதிகாரியும் வேண்டும் என்பதே இந்தக் காணொளி முன்வைக்கும் கோரிக்கை.