நீட்டிய அந்தக் கை: மேரி ஷெல்லி அணிக்காக ஒரு பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களே, இரு அணி நண்பர்களே, உட்கார இடமில்லாமல் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவர்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

"இன்றைய மக்கள் மனத்தில் ஆழமாக வேர்விட்டிருக்கும் திகில் படைப்பு பிராம் ஸ்டோக்கரின் டிராகுலாவா, மேரி ஷெல்லியின் பிராங்கன்ஸ்டைனா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் கேட்டார்: "டிராகுலா என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உங்கள் ஆளுக்குப் பெயரே கிடையாது. பிராங்கன்ஸ்டைன் என்பது அதைப் படைத்த விஞ்ஞானியின் பெயர். ஊரே தப்பாகக் கூப்பிடுகிற ஒன்று மக்கள் மனத்தில் நிலைத்துவிட்டது என்று எப்படிச் சொல்வீர்கள்?" அரங்கம் கைதட்டியது. நல்ல கேள்விதான். அதற்குப் பதில் சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்க மாட்டேன். ஆனால் முதலில் ஒரு ராத்திரியைக் காட்டிவிட்டு வருகிறேன்.

ஜெர்மனியில் இங்கோல்ஷ்டாட் என்ற ஊர். நவம்பர் மாதம். மணி ஒன்று. ஜன்னல் கண்ணாடியில் மழை தட்டிக்கொண்டிருக்கிறது. மெழுகுவர்த்தி எரிந்து முடியப் போகிறது. சினிமாவில் பார்த்த கோட்டையும் மின்னலும் புத்தகத்தில் இல்லை. ஒரு மாணவன் தங்கியிருக்கும் மாடி அறை, அவ்வளவுதான். கிட்டத்தட்ட இரண்டு வருடம் சோறு தூக்கம் மறந்து விக்டர் பிராங்கன்ஸ்டைன் உருவாக்கிய அந்த உடம்பு கண் திறக்கிறது. மங்கிய மஞ்சள் கண். அவன் என்ன செய்தான்? பயந்து ஓடினான். பக்கத்து அறைக்குப் போய்ப் படுக்கையில் விழுந்தான். விழித்துப் பார்த்தால், நிலா வெளிச்சத்தில் கட்டில் திரையை விலக்கிக்கொண்டு அது நிற்கிறது. வாய் அசைகிறது, பேச்சு வரவில்லை. முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று. ஒரு கை நீள்கிறது. அவன் மறுபடியும் ஓடினான்.

இதைப் படித்த அன்று என் மகனுக்கு மூன்று மாதம். எனக்குத் திகில் வரவில்லை, தொண்டை அடைத்தது. பேச வராத வாய், காரணமில்லாத சிரிப்பு, நீளுகிற கை. இது பூதமா? தொட்டிலில் கிடக்கிற பிள்ளை செய்வதைத்தானே அது செய்தது? அள்ளித் தூக்க வேண்டியவன் ஓடிப்போனான்.

இந்தக் காட்சி ஒரு பெண்ணுக்கு எங்கிருந்து வந்தது? மேரி 1797-ல் பிறந்தாள். பிறந்து பதினோராம் நாள் தாயைப் பறிகொடுத்தாள். பதினேழு வயதில் அவளுக்கு ஒரு பெண் குழந்தை, குறைமாதத்தில். இரண்டு வாரம்கூட இருக்கவில்லை. சில நாள் கழித்து நாட்குறிப்பில் ஒரு கனவை எழுதுகிறாள்: குழந்தை சாகவில்லையாம், உடம்பு குளிர்ந்துதான் போயிருந்ததாம், நெருப்புக்கு முன்னால் வைத்துத் தேய்த்ததும் உயிர் வந்துவிட்டதாம். விழித்துப் பார்த்தால் குழந்தை இல்லை. இது 1815 மார்ச்.

அடுத்த மாதம் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடிக்கிறது. அந்தப் புழுதி உலகத்தையே சுற்றி, 1816-ல் ஐரோப்பாவுக்குக் கோடைக்காலமே வராமல் செய்தது. ஜெனீவா ஏரிக்கரையில் கவிஞர் பைரன் தங்கியிருந்த வீட்டில், மழையால் வெளியே போக முடியாத கூட்டம் ஒன்று. ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்றார் பைரன். பதினெட்டு வயது மேரி எழுதியதுதான் பிராங்கன்ஸ்டைன். 1818 ஜனவரியில் 500 பிரதிகள் அச்சானது, ஆசிரியர் பெயர் இல்லாமல்.

எதிரணிக்கு ஒரு செய்தி. அதே கூட்டத்தில் பைரனின் மருத்துவர் போலிடோரியும் இருந்தார். பைரன் தொடங்கிப் பாதியில் விட்ட ஒரு கதையை எடுத்துக்கொண்டு அவர் எழுதியது ரத்தம் குடிக்கும் பிரபு ஒருவனின் கதை. 1819-ல் வெளிவந்தது. ஸ்டோக்கரின் டிராகுலா வந்தது 1897-ல். உங்கள் டிராகுலா பிரபுவின் முன்னோர் ஒருவர் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் பிறந்தார், ஐயா.

ஸ்டோக்கரை நான் குறைத்துப் பேச மாட்டேன். நாட்குறிப்பு, கடிதம், தந்தி, ஒலிப்பதிவு என்று துண்டு துண்டாக வைத்தே ஒரு நாவலைக் கட்டியவர், பெரிய கைகாரர். ஆனால் மக்கள் மனத்தில் இருக்கும் டிராகுலாவில் அவர் பங்கு எவ்வளவு? வெயில் பட்டால் ரத்தக் காட்டேரி அழிந்துபோகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஸ்டோக்கரின் நாவலில் டிராகுலா பட்டப்பகலில் லண்டன் தெருவில் நடக்கிறான். வெயிலில் அழிவது 1922-ல் வந்த ஜெர்மன் மௌனப்படம் சேர்த்தது. கழுத்துக்குப் பின்னால் உயர்ந்து நிற்கும் காலர் வைத்த கறுப்பு அங்கி? அது 1920-களின் நாடக மேடை தந்தது. பார்வையாளருக்கு முதுகைக் காட்டி நிற்கும் நடிகர் அங்கியிலிருந்து நழுவி மேடைப் பலகைக்குக் கீழே மறைய வேண்டும், தலை போனது தெரியாமல் காலர் மறைக்க வேண்டும்.

"உங்கள் பூதத்தின் தட்டைத் தலையும் கழுத்து ஆணியும் 1931 படம் தந்ததுதானே?" என்று கேட்பீர்கள். ஆமாம், ஒத்துக்கொள்கிறேன். அது ஒப்பனைக்காரர் ஜாக் பியர்ஸின் கைவேலை. மேரி எழுதிய உருவத்துக்கு நீண்டு பளபளக்கும் கறுப்பு முடி, வெள்ளைப் பற்கள். சரி, இரண்டு பேருடைய வேஷத்தையும் கலைத்துவிடுவோம். டிராகுலாவில் என்ன மிஞ்சும்? வெளியூரிலிருந்து வந்த கெட்டவன். அவனைத் தேடிப் பிடித்துக் கொன்றால் கதை முடிந்தது. பிராங்கன்ஸ்டைனில் மிஞ்சுவது ஒரு வழக்கு. உண்டாக்கியவனைப் பார்த்து உண்டானது கேட்கிறது: நான் நல்லவனாகத்தான் இருந்தேன், துயரம்தான் என்னைப் பேயாக்கியது, என்னை ஏன் கைவிட்டாய்? அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

நமக்கு பஸ்மாசுரன் கதை தெரியும். வரம் வாங்கியவன் கொடுத்தவர் தலையிலேயே கை வைக்க வந்தான். ஆனால் பஸ்மாசுரன் கேட்டது சக்தி. மேரியின் உயிர் கேட்டது துணை. குடிசைச் சுவரின் விரிசல் வழியாக ஒரு குடும்பத்தை மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்தே பேசக் கற்றது. அவர்களுக்குத் தெரியாமல் ராத்திரியில் விறகு வெட்டி வைத்தது. பார்வையில்லாத பெரியவர் ஒருவர்தான் அதோடு அன்பாகப் பேசினார். பார்வையுள்ள பிள்ளைகள் வந்தார்கள், அடித்து விரட்டினார்கள். இந்த இடத்தை நான் எத்தனை முறை படித்தாலும் தாண்டிப் போக முடிவதில்லை.

இன்றைக்கு வாருங்கள். மரபணு மாற்றிய உணவை எதிர்க்கிறவர்கள் ஆங்கிலத்தில் 'பிராங்கன்ஃபுட்' என்கிறார்கள். 1992-ல் நியூயார்க் டைம்ஸுக்கு வந்த ஒரு வாசகர் கடிதம் கொடுத்த சொல் அது. மனிதன் செய்த இயந்திரம் மனிதனையே எதிர்க்கும் என்ற அச்சத்துக்கு அறிவியல் புனைகதை எழுத்தாளர் அசிமோவ் வைத்த பெயரில் பிராங்கன்ஸ்டைன் இருக்கிறது. 2017-ல் ஐரோப்பிய நாடாளுமன்றம் ரோபோக்களுக்கான சட்டவிதிகள் பற்றித் தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானத்தின் தொடக்கத்திலேயே மேரி ஷெல்லியின் பெயர். ரோபோ தவறு செய்தால் பொறுப்பு யாருக்கு என்று பேச உட்கார்ந்தவர்களுக்கு முதலில் அவள் கதைதான் நினைவுக்கு வந்தது. நம் ஊர்த் தியேட்டரில் விஞ்ஞானி செய்த ரோபோ காதலித்து, ஒதுக்கப்பட்டு, திரும்பி நின்றபோது விசில் அடித்தோமே, அந்தக் கதையும் அந்த நவம்பர் ராத்திரிக்குக் கடன்பட்டதுதான்.

இப்போது பெயருக்கு வருகிறேன், நடுவர் அவர்களே.

நம் ஊரில் ஒரு பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால் இனிஷியல் என்ன என்று கேட்பார்கள். தகப்பன் இவன்தான் என்று சொல்லும் எழுத்து அது. விக்டர் கடைசிவரை அந்த எழுத்தைக் கொடுக்கவில்லை. பேயே, பிசாசே என்றுதான் கூப்பிட்டான். இருநூறு வருடமாக உலகம் முழுக்கச் சனங்கள், ஒருவரை ஒருவர் கேட்காமலே, அந்த உயிரைப் பிராங்கன்ஸ்டைன் என்று கூப்பிடுகிறார்கள். தகப்பன் மறுத்ததை ஊர் கொடுத்திருக்கிறது. இதைத் தவறு என்கிறார் எதிரணி நண்பர். நான் தீர்ப்பு என்கிறேன்.

மேரி இதை எதிர்பார்த்தாளா? 1823 ஆகஸ்ட் 29, வெள்ளிக்கிழமை. மறுநாள் அவளுக்கு இருபத்தாறு வயது. முதல் குழந்தைக்குப் பிறகு இன்னும் இரண்டு பிள்ளைகளைப் புதைத்துவிட்டாள். முந்தைய வருடம் கணவர் கடலில் மூழ்கிப் போனார். மிஞ்சிய ஒரே மகனோடு இத்தாலியிலிருந்து லண்டன் திரும்பி நாலைந்து நாள்தான் ஆகிறது. தந்தையோடு நாடகம் பார்க்கப் போகிறாள். அவள் நாவலைத்தான் மேடையேற்றியிருக்கிறார்கள். எந்த அரங்கம் தெரியுமா? லைசியம். பின்னாளில் அதே பெயரில் மறுபடி கட்டப்பட்ட அரங்கத்துக்குத்தான் உங்கள் ஸ்டோக்கர் பல வருடம் நிர்வாகியாக இருந்தார். மேரி நாடகத் தாளை விரித்துப் பார்க்கிறாள். நடிகர் பெயர்களுக்கு எதிரே பாத்திரங்களின் பெயர்கள். டி. பி. குக் என்ற நடிகருக்கு எதிரே மட்டும் எழுத்து எதுவும் இல்லை, வெறும் கோடு. பெயரில்லாததற்கு இப்படிப் பெயர் வைத்தது நன்றாக இருக்கிறது என்று நண்பருக்குக் கடிதம் எழுதினாள்.

அந்தக் கோட்டை நிரப்பியவர்கள் இந்த அரங்கத்திலும் உட்கார்ந்திருக்கிறார்கள். நன்றி, வணக்கம்.