நடுவில் விழும் பந்து

வணக்கம் நேயர்களே. ஒகேனக்கல்லில் விழுகிற காவிரி குடகிலிருந்து வருகிறது. அதே குடகில், காப்பித் தோட்டத்துக்காரர் வீட்டில் வளர்ந்த ஒருவரைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. ரோகன் போபண்ணா. டென்னிசில் இரட்டையர் ஆட்டக்காரர்.

நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். தருமபுரிப் பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் டென்னிஸ் கோடு போட்டேன். ஒற்றையருக்கு 27 அடி அகலம், இரட்டையருக்கு 36. "ஒன்பது அடிதான் கூடுது, ஆளோ ரெண்டு மடங்கு. சுலபம்தானே சார்?" என்றான் ஒரு பையன். முதல் நாளே பந்து இரண்டு பேருக்கும் நடுவில் வந்தது. இவன் அவனைப் பார்த்தான், அவன் இவனைப் பார்த்தான். பந்து வேலியைத் தாண்டி ராகிக் கொல்லைக்குள் போய்விட்டது.

அந்த நடுப்பந்துதான் இந்த ஆட்டத்தின் சூட்சுமம். வலையோரம் நிற்பவர், பின்னால் சர்வீஸ் போடும் கூட்டாளிக்கு முதுகுப் பக்கம் கைஜாடை காட்டுவார். கை மூடியிருந்தால் அசையமாட்டேன், விரித்தால் குறுக்கே பாய்வேன் என்பது போல ஜோடிக்கு ஜோடி ஒரு பாஷை. அவர் பாய்ந்தால் இவர் உடனே காலியான பக்கத்துக்கு ஓடியாக வேண்டும். 'நிஜமாகவே பாய்வாரா?' என்று யோசித்து நின்றால் புள்ளி போச்சு.

போபண்ணாவும் ஒற்றையரில் ஆடிப் பார்த்தவர்தான். உலகத் தரவரிசையில் முதல் 200 பேருக்குள் வர முடியவில்லை. இரட்டையரில் 2010-இல் பாகிஸ்தானின் ஐசாம் உல் ஹக் குரேஷியோடு அமெரிக்க ஓப்பன் இறுதி வரை போய், பிரையன் சகோதரர்களிடம் தோற்றார். 2017-இல் பிரெஞ்சு ஓப்பனில், ஆணும் பெண்ணும் ஜோடியாக ஆடும் கலப்பு இரட்டையர் பட்டம். அப்புறம் முழங்கால் குருத்தெலும்பு தேய்ந்துபோய், ஐயங்கார் யோகா செய்து தேறினார். 2024-இல் மேத்யூ எப்டனோடு ஆஸ்திரேலிய ஓப்பன் ஆடவர் இரட்டையர் பட்டம், கூடவே உலக முதலிடம். வயது அப்போது 43. கிராண்ட் ஸ்லாம் என்னும் நான்கு பெரிய போட்டிகளின் ஆடவர் இரட்டையரில் அது அவருக்கு 61-வது முயற்சி. அதற்குள் 19 கூட்டாளிகள்! நமக்கு ஒரே சம்பந்தியோடு ஒத்துப்போவதே பெரும்பாடாக இருக்கிறது. இந்த மனிதர் 19 பேரின் கைஜாடையைப் படித்திருக்கிறார். பட்டத்தைவிட எனக்கு அதுதான் ஆச்சரியம்.

நம் கோயம்புத்தூர் ஸ்ரீராம் பாலாஜியும் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அவரோடு ஜோடி சேர்ந்தார். முதல் சுற்றிலேயே தோற்றார்கள், சரி. ஆனாலும் பக்கத்தில் நின்று ஆடக் கிடைத்ததே! 2025 நவம்பரில் போபண்ணா ஓய்வை அறிவித்தார்.

அந்த இரண்டு பையன்கள்? மறுநாள் முதல் நடுப்பந்து வந்தால் "நான்" என்று கத்தச் சொன்னேன். இரண்டு பேரும் ஒன்றாகக் கத்திக்கொண்டு ஓடி, மட்டையோடு மட்டை மோதிக்கொண்டார்கள். பந்து மறுபடி ராகிக் கொல்லைக்குள்.