கொடிமலையும் பனிமலையும்

அவைத் தலைவர் டத்தோ அவர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் அவர்களே, கோலாலம்பூரிலிருந்து இரவுப் பேருந்தில் வந்து இறங்கிய சிறப்பு விருந்தினர் அவர்களே, பாலம் கடந்து வந்திருக்கும் பட்டர்வொர்த் தலைமையாசிரியர்களே, மாலையும் பொன்னாடையும் ஏற்பாடு செய்த மகளிர் அணித் தாய்மார்களே, பின்வரிசையில் கைப்பேசியோடு அமர்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, வணக்கம். யாரையேனும் விட்டிருந்தால் பொறுத்தருள்க.

பனிச்சறுக்கு வீரரின் தொழில் வாழ்க்கை என்பது தலைப்பு. பனி விழாத பினாங்கில் இது எதற்கு? 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் ஜெஃப்ரி வெப் நம் கொடியோடு சறுக்கினாரே! அவருடையது கம்பங்களுக்கிடையே வளைந்து இறங்கும் பிரிவு. இன்று பேசப்போவது அதைவிட வேகமாக மலையிலிருந்து இறங்கும் டவுன்ஹில் பிரிவு. மூன்று செய்திகள்: தயாரிப்பு, தளவாடம், வருமானம்.

நம் கொடிமலையின் உயரம் 833 மீட்டர். ஆஸ்திரியாவில் கிட்ஸ்பியூலின் ஸ்ட்ரைஃப் பாதை மேலிருந்து கீழே 860 மீட்டர் இறங்குகிறது. 1997இல் ஃபிரிட்ஸ் ஸ்ட்ரோபல் அதை 1 நிமிடம் 51.58 நொடியில் முடித்தார். நம் மலை ரயில் வெட்கப்பட வேண்டும்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். இவர்கள் விடுவதில்லை. போட்டிக்கு முன் காலில் மாட்டிய ஸ்கீ என்ற சறுக்குப் பலகையைக் குறுக்கே வைத்து, பக்கவாட்டில் மெல்ல வழுக்கியபடியே பாதை முழுவதையும் பார்க்கிறார்கள். எந்த மேட்டுக்கு அப்பால் கண் மறைகிறது, எங்கே நிழல் விழுந்து பனி இறுகியிருக்கிறது என்று மனப்பாடம் செய்கிறார்கள். பயிற்சி ஓட்டம் ஒன்றாவது ஓடாதவருக்குப் போட்டியில் இடமில்லை. மேட்டில் எழும்பும்போது கை பின்னால் போனால் உடம்பும் பின்னால் சாயும்; ஸ்கீயின் முனைக்கடியில் காற்று புகுந்து ஆளையே தூக்கிவிடும்.

ஹெர்மான் மாயர் கதையைக் கேளுங்கள். ஆஸ்திரியாவின் ஃபிளாகாவ் ஊர்ப் பையன். பதினைந்து வயதில், உடம்பு போதாது, முழங்கால் சரியில்லை என்று பனிச்சறுக்குப் பள்ளியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். பையன் கொத்தனார் வேலைக்குப் போனான். கோடையில் செங்கல்; குளிர்காலத்தில் அப்பாவின் பள்ளியில் சறுக்கக் கற்றுக்கொடுப்பது. 1996இல் சொந்த ஊரில் உலகக் கோப்பைப் போட்டி. பாதையைச் சோதிக்க முன்னோடியாக அவரை இறக்கினார்கள். கணக்கில் சேராத ஓட்டம்தான், ஆனால் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. போட்டியாளராக இருந்திருந்தால் 12ஆம் இடம்! கதவு திறந்தது. 1998 நாகானோ ஒலிம்பிக், டவுன்ஹில். திருப்பத்துக்குள் வேகம் குறையாமல் நேராக நுழைந்தார். ஆள் ஆகாயத்தில்! தலைகுப்புற விழுந்து, பாதுகாப்பு வலைகளையும் உடைத்துக்கொண்டு, பனியில் புதைந்து, எழுந்து நின்றார். மூன்றாம் நாள் சூப்பர் ஜீ என்ற வேகப் பிரிவில் தங்கம். இன்னும் மூன்று நாளில், வளைந்து இறங்கும் ஜயண்ட் ஸ்லாலமில் தங்கம். (கைதட்டல்)

பாதையைப் பார்த்தவருக்கே அந்த வீழ்ச்சி! ஆழம் தெரியாமல் காலை விடாதே.

தளவாடம். டவுன்ஹில்லில் ஆண்களின் ஸ்கீ 218 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. காலணியைப் பிடித்திருக்கும் பூட்டை இறுக்கினால் விழும்போது ஸ்கீ கழலாது, முழங்கால் தசைநார் கிழியும். தளர்த்தினால் நடுத்திருப்பத்தில் கழன்றுவிடும். இரண்டுக்கும் நடுவே அளவு பார்ப்பது ஒரு தனிக்கலை. ஸ்கீயின் அடியில் தடவும் மெழுகைப் பற்றிப் பேச நேரமில்லை.

வருமானம்... தலைவர் அவர்கள் கடிகாரத்தைக் காட்டுகிறார். உலகக் கோப்பையில் முதல் முப்பது பேருக்குத்தான் புள்ளி, முதலிடத்துக்கு 100 என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஏனெனில் முழங்காலைப் பேசாமல் மேடையை விட்டு இறங்க மாட்டேன். தசைநார் கிழிந்தால் பெரும்பாலும் அந்தப் பருவமே போச்சு. குதித்து இறங்கும்போது முழங்கால் உள்ளே சாய்வது அதற்கு ஒரு பெரிய காரணம். அதைத் திருத்தப் பனிமலை தேவையில்லை, பள்ளித் திடல் போதும். முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு பலகை. பிள்ளை அதிலிருந்து இரு காலும் ஒன்றாகக் குதிக்க வேண்டும். முழங்கால் கால்விரலுக்கு நேராக மடங்க வேண்டும். சத்தம் வராமல் இறங்க வேண்டும். தொப்பென்று கேட்டால் மறுபடியும். பத்து முறை செய்ய ஐந்து நிமிடம் ஆகாது.

அந்த ஐந்து நிமிடம் எங்கே? உடற்கல்வி வேளையில் கணிதம் நடக்கிறது! ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிய யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் போய்விட்டது. ஆறாம் ஆண்டுப் பிள்ளையைத் திடலுக்கு விட இன்னும் மனம் வரவில்லை. கணித ஆசிரியர்கள் கோபிக்கக்கூடாது.

வாசலில் மோர்ப் பானைக்குப் பக்கத்தில் ஒரு மனு இருக்கிறது. உடற்கல்வி வேளையை வேறு பாடத்துக்கு எடுக்காதீர்கள் என்று மூன்றே வரி. மோர் குடிக்குமுன் கையெழுத்துப் போடுங்கள். ஈரக்கையால் மை கலைகிறது. நன்றி, வணக்கம்.