ஹெர்ஷல் என்ற பெயரின் கீழ்

நேயர்களுக்கு வணக்கம். பழைய ஆவணங்களைத் தேடுகிறவர்கள் முதலில் கையில் எடுப்பது ஒரு பெயரைத்தான். அந்தப் பெயர் எவ்வளவு தூரம் வழிகாட்டும், எந்த இடத்தில் நம்மைத் திசைதிருப்பிவிடும் என்பதை ஒரே ஒரு குடும்பத்தை முன்வைத்துச் சொல்ல விரும்புகிறேன்.

ஹெர்ஷல் என்ற குடும்பப் பெயரைக் கொடுத்துப் பெரிய நூலகங்களின் பட்டியல்களில் தேடினால் வந்து சேரும் பதிவுகளைப் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட சிம்பொனி இசைக் கையெழுத்துப் படிகள் வருகின்றன. வான்நோக்கிக் குறிப்பேடுகளும், வெள்ளி உப்பைக் கரைக்கும் வேதிப்பொருள் பற்றிய 1819ஆம் ஆண்டுக் கட்டுரையும், வங்காளத்தில் 1858இல் எழுதப்பட்ட ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் பதிந்த ஓர் உள்ளங்கையின் அச்சும் வருகின்றன. தக்காணத்தின் ஜம்கண்டி என்ற ஊரில் பார்த்த சூரிய கிரகணத்தைப் பற்றிய அறிக்கை ஒன்றும் உண்டு. இவையெல்லாம் ஒருவருடையவை அல்ல. ஆனால் எல்லாவற்றுக்கும் தலைப்பில் நிற்கும் பெயர் ஒன்றுதான்.

குடும்பத்தின் முதல் பெரிய பெயர் வில்லியம் ஹெர்ஷல். ஜெர்மனியின் ஹனோவரில் 1738இல் பிறந்து, இங்கிலாந்துக்கு வந்து, பாத் நகரத்துத் தேவாலயம் ஒன்றில் ஆர்கன் வாசித்து வாழ்ந்தவர். தம் வீட்டுத் தோட்டத்தில் நிறுத்தியிருந்த தொலைநோக்கியால் 1781 மார்ச் 13ஆம் நாள் யுரேனஸைக் கண்டவர். சிம்பொனிகளை எழுதியவரும் இவர்தான். இசை வரலாற்று ஆய்வாளர் ஒருவரும் வானியல் வரலாற்று ஆய்வாளர் ஒருவரும் தனித்தனியே தேடத் தொடங்கி ஒரே மனிதரிடம் வந்து நிற்பது இவருடைய ஆவணங்களில் இயல்பாக நடக்கும். பெயர் சரியாக வழிகாட்டும் எளிய நிலை இது.

சிக்கல் அவருடைய தங்கை கரோலினிடம் தொடங்குகிறது. கரோலின் 1772இல் பாத் நகரத்துக்கு வந்தார், பாடகியாகப் பயின்றார், பிறகு அண்ணனின் வான்நோக்குப் பணியில் உதவியாளரானார். இரவில் வில்லியம் தொலைநோக்கியின் முன் நின்று தாம் காண்பதை உரக்கச் சொல்வார். கரோலின் கடிகாரத்தையும் விண்மீன் பட்டியலையும் அருகில் வைத்துக்கொண்டு, நேரத்தையும் இடத்தையும் தோற்றத்தையும் எழுதுவார். பகலில் கணக்கிட்டுத் திருத்திய படி எடுப்பார். அப்படி உருவானவைதான் 1786, 1789, 1802 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த மூன்று பட்டியல்கள். மூன்றிலும் சேர்த்து 2,500 வான்பொருள்கள் இருக்கின்றன. பட்டியல்களின் ஆசிரியர் வில்லியம் ஹெர்ஷல். லண்டனில் ராயல் வானியல் கழகத்திடம் இருக்கும் ஏடுகளில் பக்கம் பக்கமாக நிறைந்திருப்பதோ கரோலினின் கையெழுத்து. குடும்பப் பெயரை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். கையெழுத்தைப் பார்ப்பவருக்கு இரண்டு பேர் தெரிவார்கள்.

கரோலின் எழுதித் தந்தவர் மட்டும் அல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1786 ஆகஸ்ட் முதல் நாள், அண்ணன் ஊரில் இல்லாதபோது, தம் சிறிய தொலைநோக்கியால் ஒரு வால்மீனைக் கண்டு, அடுத்த நாளே அறிவியலாளர்களுக்குக் கடிதம் எழுதினார். மறு ஆண்டு முதல் அரசரிடமிருந்து ஆண்டுக்கு 50 பவுன் ஊதியம் பெற்றார். முந்தைய தலைமுறை ஆங்கில வானியலாளர் பிளாம்ஸ்டீடின் விண்மீன் நோக்கல்களை முழுவதும் சரிபார்த்து, அவருடைய பட்டியலில் விடுபட்ட 560க்கு மேற்பட்ட விண்மீன்களைத் தொகுத்தார். அந்நூலை ராயல் கழகம் 1798இல் வெளியிட்டது. இன்று வானியலாளர்கள் என்ஜிசி 253 என்று குறிக்கும் விண்மீன் மண்டலத்தை 1783இல் முதலில் கண்டவர் அவரே. வில்லியமின் பட்டியலிலோ அது ஐந்தாம் வகையின் முதல் பொருளாக எண்ணிடப்பட்டிருக்கிறது. கண்டவர் தங்கை, வகையும் வரிசை எண்ணும் அண்ணனுடையவை.

வில்லியம் 1822இல் மறைந்த பிறகு கரோலின் ஹனோவருக்குத் திரும்பி, அண்ணன் பதிவுசெய்த வான்முகில்களை (நெபுலாக்களை) எல்லாம் வான்பகுதி வாரியாக மறுபடி வரிசைப்படுத்தினார். அது அச்சேறவில்லை, கையெழுத்துப் படியாகவே அண்ணன் மகனுக்குச் சென்றது. அதை வழித்துணையாக வைத்துக்கொண்டுதான் மகன் ஜான் ஹெர்ஷல் தந்தை கண்டவற்றை ஒவ்வொன்றாக மீண்டும் பார்த்தார். அந்தப் பணிக்காக 1828இல் ராயல் வானியல் கழகம் கரோலினுக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. அச்சில் வந்த நூல்களை மட்டும் ஹெர்ஷல் என்ற பெயரில் தேடுகிறவருக்கு, பதக்கம் பெற்ற இந்த உழைப்பு கண்ணில் படாமலே போய்விடும்.

தந்தை கண்டவற்றையும் மகன் கண்டவற்றையும் பிரித்தறிய வானியலாளர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். தந்தைக்குக் குடும்பப் பெயரின் முதல் ஆங்கில எழுத்தைப் பெரிதாகவும், மகனுக்கு அதே எழுத்தைச் சிறிதாகவும் இட்டார்கள். அச்சுக்கோப்பவர் ஒரு முறை கவனம் தவறினால் தந்தையின் கண்டுபிடிப்பு மகனுக்குப் போய்விடும். இவ்வளவு மெல்லிய வேறுபாட்டின் மீது ஒரு நூற்றாண்டு அறிவுத்துறை இயங்கியிருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

ஜான் ஹெர்ஷலின் பதிவுகள் மிகப் பல. அவருடைய கடிதப் போக்குவரத்தை நாள்வாரியாக அட்டவணையிட்டு 1998இல் வெளியான தொகுப்பில் 14,000க்கும் மேற்பட்ட கடிதங்கள் இடம்பெற்றுள்ளன. அவர் 1834 தொடங்கி நான்கு ஆண்டுகள் நன்னம்பிக்கை முனையில் தென்வானத்தை ஆராய்ந்தார். ஒளிப்படத்தை நிலைநிறுத்தும் வேதிமுறைக்கு வழி காட்டினார். 1842இல் நீல அச்சு முறையைக் கண்டார். ஜூலியா மார்கரெட் கேமரன் 1864இல் தாம் எடுத்த ஒளிப்படங்களை ஓர் ஆல்பமாக்கி அவருக்குப் பரிசளித்ததால், அதுவும் ஹெர்ஷல் ஆல்பம் என்றே பட்டியல்களில் வழங்குகிறது. அதில் ஒரு படத்தைக்கூட ஹெர்ஷல் எடுக்கவில்லை. பிற்காலத்தில் இலங்கைக்குக் குடிபெயர்ந்து 1879இல் அங்கேயே மறைந்த அந்தக் கலைஞரின் படைப்பு, பரிசு பெற்றவரின் பெயரில் நிற்கிறது. இன்னும் தூரம் போனால், 1835 ஆகஸ்டில் நியூயார்க்கின் ‘சன்’ நாளேடு, நிலவில் உயிர்கள் வாழ்வதை ஹெர்ஷல் கண்டதாகத் தொடர்கட்டுரை வெளியிட்டது. அது முழுக் கற்பனை. அவருக்குத் தெரியாமலே அவர் பெயர் எடுத்தாளப்பட்டது. ஆனாலும் அந்த நாளேட்டின் இதழ்கள் ஹெர்ஷல் பற்றிய ஆவணங்களாகவே பேணப்படுகின்றன. அப்படிப் பேணுவது சரிதான், பதிவில் அது கற்பனை என்ற குறிப்பு இருக்கும் வரையில்.

அடுத்த தலைமுறையில்தான் பட்டியல் தயாரிப்பவருக்கு உண்மையான சோதனை காத்திருக்கிறது. ஜானின் பிள்ளைகளில் ஒருவர் மறுபடியும் வில்லியம். இன்னொருவர் மறுபடியும் ஜான். இருவரும் இந்தியாவுக்கு வந்தார்கள். இளைய ஜான் பொறியியல் படைப்பிரிவு அதிகாரி. இந்திய நிலப்பரப்பை அளந்த பெரும் முக்கோண அளவைப் பணியைச் சேர்ந்தவர். 1868 ஆகஸ்ட் 18ஆம் நாள் முழுச் சூரிய கிரகணத்தைக் குண்டூரிலிருந்து பிரெஞ்சு வானியலாளர் ஜான்செனும் ஆங்கிலேய அதிகாரி டெனன்ட்டும், மசூலிப்பட்டணத்திலிருந்து சென்னை வான்காணகத்தின் போக்சனும் நோக்கிக்கொண்டிருந்த வேளையில், ஜம்கண்டியில் நிறமாலைக் கருவியுடன் நின்றவர் இவர். சூரிய விளிம்பில் எழும் தீக்கொழுந்துகளின் நிறமாலையில் ஒளிர்கோடுகளைக் கண்டு, அவை வாயுக்களே என்று முடிவு செய்தவர்களுள் ஒருவர். தந்தை ஜான் அப்போது உயிருடன் இருந்தார். அவர் மறைந்தது 1871இல். ஆகவே ஜான் ஹெர்ஷல் என்ற பெயரையும் 1868 என்ற ஆண்டையும் மட்டும் பார்த்து இந்த அறிக்கையை யாருடையது என்று தீர்மானிக்க முடியாது. பெயருக்கு முன்னால் நிற்கும் லெப்டினன்ட் என்ற பதவிச் சொல்தான் தீர்ப்புச் சொல்கிறது.

இதே போன்ற இன்னொரு நுட்பம் எனக்கு மிகவும் பிடித்தது. கரோலினின் நினைவுக் குறிப்புகளும் கடிதங்களும் 1876இல் நூலாக வந்தபோது, தலைப்புப் பக்கத்தில் ‘திருமதி ஜான் ஹெர்ஷல்’ என்று இருந்தது. வானியலாளர் ஜானின் மனைவி மார்கரெட் அப்போது வாழ்ந்துகொண்டிருந்தார். இளைய ஜானின் மனைவி மேரியும் இருந்தார். இருவரில் யார்? மூத்த ஜான் 1838இல் பாரோனெட் என்ற பரம்பரைப் பட்டம் பெற்றவர். அவர் மனைவியை லேடி ஹெர்ஷல் என்றே குறிப்பிடுவார்கள், திருமதி என்று எழுத மாட்டார்கள். எனவே நூலைத் தொகுத்தவர் மேரி. பெண்களைக் கணவர் பெயரால் மறைத்த ஒரு வழக்கத்துக்குள்ளேயே, அவரை மீட்டெடுப்பதற்கான தடயமும் இருக்கிறது.

நம்மிடம் குடும்பப் பெயர் வழக்கம் பரவலாக இல்லை என்பதை இங்கே இடைக்குறிப்பாகச் சொல்ல வேண்டும். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் இட்டுக்கொள்ளும் நம் ஆவணங்களைக் குடும்பப் பெயரை எதிர்பார்க்கும் பட்டியல் முறையில் ஏற்றும்போது, ஊர்ப்பெயரும் சாதிப்பட்டமும் தந்தை பெயரும் மாறி மாறி அந்தக் கட்டத்தில் போய் விழுகின்றன. ஹெர்ஷல் குடும்பத்துக்குத் தேவைப்பட்ட கவனம் நமக்கு அதைவிடக் கூடுதலாகத் தேவை.

கடைசியாக வங்காளத்து ஒப்பந்தம். வில்லியம் ஜேம்ஸ் ஹெர்ஷல், யுரேனஸைக் கண்டவரின் பேரன், ஜாங்கிப்பூரில் ஆட்சி அதிகாரியாக இருந்தபோது, சாலைக்குக் கல் தருவதாக ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவர் பின்னால் தம் கையெழுத்தை மறுத்துவிடாமல் இருக்கும்படி, அவருடைய உள்ளங்கையை மையில் தோய்த்து ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் பதியவைத்தார். பிறகு தமக்குத் தெரிந்தவர்களின் விரல் அச்சுகளைப் பல ஆண்டுகள் சேர்த்தார். 1877இல் ஹூக்ளியில் ஓய்வூதியம் பெறுவோரிடமும் பத்திரப் பதிவிலும் சிறையிலும் விரல்ரேகை முறையைக் கொண்டுவந்தார். ஹென்றி பால்ட்ஸ் என்ற மருத்துவர் டோக்கியோவிலிருந்து எழுதிய கடிதம் 1880 அக்டோபரில் ‘நேச்சர்’ இதழில் வந்ததும், அடுத்த மாதமே ஹெர்ஷலின் பதில் வந்தது. ஒரே மனிதரிடம் பல ஆண்டு இடைவெளியில் எடுத்த அச்சுகளை அவர் விரல்ரேகைகளை ஆராய்ந்த ஆங்கில அறிவியலாளர் கால்டனுக்குத் தந்ததால், ரேகைகள் வயதால் மாறுவதில்லை என்பதற்குச் சான்று கிடைத்தது. 1916இல் தம் முன்னுரிமையை நிலைநாட்ட அவர் வெளியிட்ட சிறு நூலில் கோனாயின் கை அச்சிடப்பட்டது.

அந்த அச்சு இன்று ஹெர்ஷல் என்ற பெயரின் கீழ்தான் தேடக் கிடைக்கிறது. தாளில் பதிந்திருப்பது கோனாயின் கை; விரல்ரேகை வரலாற்றின் இந்தத் தொடக்க ஆவணத்தில் அடையாளம் காணப்பட்டவர் அவர். ஒரு பட்டியல் பதிவில் எழுதியவருக்கு ஓர் இடமும், அதில் தொடர்புடையவர்களுக்கு வேறு இடங்களும் ஒதுக்க முடியும். அதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை. இந்த ஆவணத்தையோ அதன் படியையோ வைத்திருக்கும் நூலகங்கள் ராஜ்யதர் கோனாய் என்ற பெயரில் தனிப் பதிவு ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். நம் மாவட்ட ஆவணக் காப்பகங்களில் பழைய பத்திரங்களை எண்ணிமமாக்கும் பணியில் இருப்பவர்களிடமும் இதையே கேட்கிறேன்: பத்திரத்தை எழுதி வாங்கிய அதிகாரியின் பெயரோடு, கீழே கைநாட்டு வைத்தவரின் பெயரையும் அதே பதிவில் தட்டச்சு செய்யுங்கள். நன்றி, வணக்கம்.