கழற்றி மாட்டிய மாளிகை

நேயர்களுக்கு வணக்கம். மொரீஷியஸ் தீவின் கியூர்பிப் நகர மண்டபத்தை அங்கேயே கட்டியதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். அது பிறந்த ஊர் இதே தீவிலுள்ள மோக்கா. அங்கே லா மல்மேசோன் என்ற பெயரில் நின்ற மர மாளிகை அது. 1902-இல் அதைப் பிரித்து, மேட்டு நிலமான கியூர்பிப்புக்குக் கொண்டுவந்து மறுபடி பூட்டினார்கள்.

ஒரு மாளிகையை எப்படி ஊர் மாற்றுவது? மரச்சட்ட வீட்டில் பாரத்தைச் சுமப்பது சுவர் அல்ல, தூணும் உத்தரமும்தான். உத்தரத்தின் நுனியைச் செதுக்கிக் கழுந்து எடுப்பார்கள். தூணில் அதற்குத் துளை. கழுந்தைத் துளையில் இறக்கி, குறுக்கே மர முளை அடித்துவிட்டால் அசையாது. முளையைத் தட்டி எடுத்தால் கழன்று வந்துவிடும். சுவர்ப் பலகை, கூரைச் சில்லு எல்லாம் இந்தச் சட்டத்தின் மேல் போர்த்திய உடுப்பு மாதிரிதான்.

கியூர்பிப்புக்கு ஏன்? 1867-இல் மலேரியா, கீழே கடலோரத் தலைநகரான போர்ட் லூயியில் கொத்துக் கொத்தாக உயிரை எடுத்தது. வசதி உள்ளவர்கள் குளிர்ந்த மேட்டு நிலத்துக்கு ஏறினார்கள். ரயில் 1865-லேயே வந்துவிட்டதால், குடும்பம் மேலே, வேலை கீழே என்று வாழ முடிந்தது. ஊர் வளர்ந்தது, அதற்கு ஒரு மண்டபமும் தேவைப்பட்டது.

இந்தத் தச்சுவேலை நமக்கு அந்நியம் என்று யாரும் எண்ண வேண்டாம். பிரெஞ்சுக்காரரான லா பூர்தொனே இங்கே ஆளுநராக இருந்த 1730-களிலேயே புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்தார்கள். வாராங்க் என்று நாம் சொல்லும் முன்தாழ்வாரத்தில் உட்காரும்போது எனக்கு ஊர்த் திண்ணை நினைவுக்கு வராமல் இருந்ததில்லை.

அப்புறம் 1960 பிப்ரவரியில் கரோல் புயல். அதற்குப் பிறகு மர வீடு என்றாலே மக்களுக்குப் பயம். எல்லோரும் கான்கிரீட்டுக்குப் போனார்கள். அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கழுந்து போடத் தெரிந்த கைகளும் அதோடு குறைந்தனவே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

எங்கள் தாத்தாவும் தச்சர். அவர் கட்டிய வீட்டைப் பிரித்தபோது நானும் கூட இருந்தேன். ஓர் உத்தரத்தின் கழுந்தில் உளியால் வெட்டிய மூன்று கோடுகள். அது இறங்கிய தூணைத் திருப்பினால், துளைக்குப் பக்கத்தில் அதே மூன்று கோடுகள். எது எதோடு சேரும் என்று அவர் போட்டு வைத்த குறி. அந்த உத்தரம் இப்போது என் பட்டறையில் கிடக்கிறது. அறுக்க மனம் வரவில்லை.