ஓடுதா, ஓட்டுறாங்களா?

[திரை: மேடைக்குப் பின்னால் ஓர் அறிவிப்புப் பலகை. குண்டூசி குத்திய ஒரு தாள்.]

1975 ஜனவரி 5. நியூயார்க்ல பெரிய நாடகத் தியேட்டர்கள் இருக்கிற பிராட்வே, மஜெஸ்டிக் தியேட்டர். 'தி விஸ்' இசை நாடகம் அன்னைக்குத்தான் முறைப்படி ஆரம்பம். 'ஓஸ் மந்திரவாதி'ங்கிற அமெரிக்கக் குழந்தைக் கதையையே முழுக்க கறுப்பினக் கலைஞர்களை வெச்சு எடுத்திருந்தாங்க. அதே ராத்திரி பின்மேடைப் பலகையில ஒரு தாள் ஏறுது: நாடகத்தை நிறுத்தப் போறோம். திறப்பு விழாவும் மூடு விழாவும் ஒரே நாள்ல.

அந்த நாடகம் நாலு வருஷம் ஓடுச்சு. 1,672 காட்சி.

ஓடுச்சுன்னு சொல்லிட்டேன். முதல் சில வாரம் அது ஓடல, ஓட்டினாங்க. விமர்சனம் மோசம், டிக்கெட்டும் போகல. அப்புறம் எப்படி ஒரு நாடகத்தை ஓட்ட முடியுது?

[திரை: வெள்ளைப் பலகை. கை ஒன்று எண்களை எழுதுகிறது.]

கற்பனையா ஒரு நாடகம் வெச்சுக்குவோம். ஆயிரம் சீட். பிராட்வேயில வாரத்துக்கு எட்டு காட்சி, ஆக 8,000 டிக்கெட். நடிகர், ஆர்கெஸ்ட்ரா, மேடை ஆட்கள், தியேட்டர் வாடகை, விளம்பரம், ராயல்டி எல்லாம் சேர்த்து வாரச் செலவு 6 லட்சம் டாலர். இந்த வாரச் செலவைத்தான் அந்தத் தொழில்ல 'நட்'டுன்னு சொல்றாங்க. விமர்சனம் கிழிச்சதுல வித்தது 5,000 டிக்கெட்தான், தலைக்கு 100 டாலர். வசூல் 5 லட்சம். ஒரு லட்சம் துண்டு விழுது.

மூடிடலாமா? கொஞ்சம் பொறுங்க.

முதல் போன் நாடகம் எழுதினவருக்கும், இசையமைப்பாளருக்கும், இயக்குநருக்கும் போகும். இவங்க ராயல்டி வாங்குறவங்க. "கொஞ்ச நாள் உங்க பங்கை விட்டுக்கொடுங்க, இல்லன்னா நாடகமே இருக்காது." பெரும்பாலும் ஒத்துக்குவாங்க, பூஜ்யத்துல பங்கு வாங்கி என்ன பண்றது? அதுல ஒரு 50,000 மிச்சம்னு வெச்சுக்குங்க. அடுத்தது டைம்ஸ் ஸ்கொயர்ல, அந்தச் சிவப்புப் படிக்கட்டுக்குக் கீழே இருக்கிற டிகேடிஎஸ் கவுன்ட்டர். 1973-லருந்து அன்னன்னைக்கு மிஞ்சின டிக்கெட்டை அங்கே பாதி விலை வரைக்கும் குறைச்சு விக்கிறாங்க. அதுல ஆயிரம் டிக்கெட் 50 டாலருக்குப் போனா இன்னொரு 50,000.

[திரை: வரவு 5.5 லட்சம். செலவு 5.5 லட்சம்.]

லாபம் இல்ல, நஷ்டமும் இல்ல. திங்கக்கிழமை லீவு, செவ்வாய்க்கிழமை மறுபடி திரை ஏறும்.

கவனிச்சீங்களா? நாடகம் தயாரிக்கப் போட்ட முதலீட்டைப் பத்தி நான் பேசவே இல்ல. ஒரு கோடியோ ரெண்டு கோடியோ, அது போனது போனதுதான். மூடினாலும் திரும்பி வராது. இந்த வாரம் திரையைத் தூக்கினா கையைக் கடிக்குமா, கடிக்காதா, அது மட்டும்தான் கேள்வி.

சில சமயம் கடிச்சாலும் தூக்குவாங்க. ஜனவரி, பிப்ரவரி குளிர்ல தியேட்டர்கள் காத்தாடும். ஜூன்ல பிராட்வே நாடகங்களுக்குக் கொடுக்கிற டோனி விருது, அப்புறம் கோடைச் சுற்றுலாக் கூட்டம். அதுவரைக்கும் இழுத்துப் பிடிச்சா தப்பிச்சிடலாம்னு ஒரு நம்பிக்கை. அதுக்கு மேல, 'பிராட்வேயில ஓடிய நாடகம்'ங்கிற பேரை வெச்சு மத்த ஊர்களுக்குக் கொண்டு போறது, பள்ளிக்கூடங்களுக்கு உரிமை விக்கிறதுன்னு பின்னாடி வர்ற வருமானம். நியூயார்க்ல விழுற நஷ்டத்தை விளம்பரச் செலவுன்னு எழுதிக்கிற தயாரிப்பாளரும் உண்டு. எனக்கு இது பாதி வியாபாரம், பாதி சூதாட்டமாத்தான் தெரியுது.

நினைச்சாலும் ஓட்ட முடியாத நிலைமையும் இருக்கு. வசூல் ஒரு அளவுக்குக் கீழே தொடர்ந்து ரெண்டு வாரம் போனா, தியேட்டர்காரர் வெளியே போகச் சொல்லலாம்னு வழக்கமா ஒப்பந்தத்திலேயே இருக்கும். வெளியே இன்னொரு நாடகம் வரிசையில நிக்குதுன்னா அனுப்பிடுவார். யாரும் இல்லன்னா? காலி தியேட்டருக்கு வாடகை யார் தருவா? அவரே கொஞ்சம் குறைச்சுக்குவார்.

[திரை: மறுபடியும் அந்தப் பலகை, அந்தத் தாள்.]

சரி, 'தி விஸ்' எப்படி தப்பிச்சது? பணம் போட்டிருந்த சினிமா கம்பெனி டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் இன்னும் ஒரு லட்சம் டாலர் கொடுத்தாங்க. இதைப் படமாக்கணும்னு அவங்களுக்கு ஒரு கண்ணு. ராயல்டியைக் குறைச்சாங்க. நாடகக் குழுவே பாடி ஆடுற மாதிரி ஒரு டிவி விளம்பரம் போட்டாங்க. பிராட்வேக்கு அப்போ அது புதுசு. ரெண்டு மூணு வருஷம் முன்னாடிதான் 'பிப்பின்' நாடகம் அந்த வழியைத் திறந்து விட்டிருந்தது. பத்திரிகை விமர்சனத்தை நம்பி டிக்கெட் வாங்குற கூட்டம் வராட்டி போகட்டும்னு, கறுப்பின மக்களோட சர்ச்சுகளைத் தேடிப் போனாங்க. குழுகுழுவா ஆட்கள் வந்தாங்க. எட்டாவது வாரம் ஹவுஸ்ஃபுல். அந்த வருஷமே சிறந்த இசை நாடகம் உட்பட 7 டோனி.

படம்? 1978-ல வந்தது. எடுத்தது யூனிவர்சல்.

[திரை: 42-வது தெரு. தியேட்டர் முகப்பில் சிலந்தி.]

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு. 'ஸ்பைடர்மேன்: டர்ன் ஆஃப் த டார்க்'. இசை 'யூ2' ராக் குழுவோட பானோவும் எட்ஜும். செலவு சுமார் 7.5 கோடி டாலர், அதுவரைக்கும் பிராட்வே பார்க்காத தொகை. 2010 நவம்பர்ல முன்னோட்டக் காட்சி, அதாவது முறைப்படி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே டிக்கெட் வித்து நடத்துற காட்சி, ஆரம்பிச்சாங்க. கயிறு சிக்குது, நடிகர்களுக்கு அடி படுது, ஆரம்ப நாள் தள்ளித் தள்ளிப் போகுது. முறைப்படி ஆரம்பிக்கிற வரைக்கும் விமர்சனம் எழுத மாட்டாங்க, அதுதான் மரபு. இவங்க ஆரம்பிக்கிற வழியைக் காணோம்னு 2011 பிப்ரவரியில பெரிய பத்திரிகைகள் எல்லாம் பொறுமை இழந்து எழுதிட்டாங்க. ஒண்ணுமே மிச்சம் வைக்கல.

மொத்தம் 182 முன்னோட்டக் காட்சி. கேலி பண்ண வந்தவனும் டிக்கெட் வாங்கித்தான் உள்ளே போனான்! இன்னைக்கு எவன் விழுவான்னு பார்க்கவே ஒரு கூட்டம். இயக்குநரை மாத்தி, கதையைத் திருத்தி, ஜூன்ல ஆரம்பிச்சாங்க. கிறிஸ்துமஸ் விடுமுறையில ஒரே வாரத்துல 29 லட்சம் டாலர் வசூல்கூட வந்தது.

ஆனா இதோட 'நட்'டு வாரத்துக்கு 10 லட்சம் டாலருக்கு மேல. பறக்கிற கருவிகளைக் குறைக்க முடியாது, பறக்கிறதுதான் நாடகமே. 2013 கடைசியில வசூல் அந்தச் செலவைத் தொடல. 2014 ஜனவரி 4-ல நிறுத்தினாங்க. நஷ்டம் 6 கோடி டாலர் வரைக்கும்னு செய்தி வந்தது. லாஸ் வேகாஸ் போறோம்னாங்க, போகல.

அந்த தியேட்டர்ல 1,900-க்கு மேல சீட். அத்தனையையும் வாரத்துக்கு எட்டு தடவை நிரப்பணும். பின்னாடி அங்கே ஹாரி பாட்டர் நாடகம் வந்தப்போ, உள்ளே இடிச்சுக் கட்டி சீட்டை 1,622-ஆ குறைச்சிட்டாங்க.