மூலைப் படிக்கு மட்டும் 14 இன்ச் ஒரு நூல் ஏன்?

வணக்கம். நீலாங்கரையில இருந்து ஒரு நேயர் கேட்டிருக்கார்: "சார், மர டெக்கோட ரெண்டு பக்கமும் சுத்தி வர்ற மாதிரி படி போடுறோம். எல்லா ஸ்ட்ரிங்கரும் (படியைத் தாங்குற சாய்வுப் பலகை) படிக்கு உயரம் 6 இன்ச், அகலம் 10 இன்ச்னு ஒரே அளவுலதான் வெட்டினோம். மூலையில வச்சது மட்டும் முனைக்கு எட்டவே இல்ல. ஏன்?" படிச்சதுல இருந்து இதே நினைப்புதான், அவ்வளவு நல்ல கேள்வி.

உயரம் மாறாது, அகலம்தான் மாறும். ஓட்டுக் கூரை வீடியோவுலயும் இதைத்தான் சொன்னேன். மூலை ஸ்ட்ரிங்கர் குறுக்கால போகுது. நேர்ப் படி 10 இன்ச்னா அதுக்கு 14 இன்ச் ஒரு நூல் வேணும் (ஒரு நூல்னா இன்ச்சுல எட்டுல ஒரு பங்கு). மூலமட்டத்துல, அதான் அந்த L வடிவ அளவுகோல்ல, ஒரு கையில 10, இன்னொரு கையில 10 பிடிச்சு, குறுக்கே டேப் வைங்க, அதுவே காட்டிடும். அந்த அளவையும் 6ஐயும் வச்சு பலகையில கோடு போடுங்க. 6ஐத் தொடாதீங்க. உயரம் மாறாது!

வாட்ஸ்அப்புல குறுக்கு அளவு கண்டுபிடிக்க ஒரு பழைய கர்ணக் கணக்கு சுத்துதுல்ல, நீளத்தை எட்டாப் பிரிச்சு ஒண்ணைத் தள்ளி, இன்னொரு பக்கத்துல பாதியைச் சேர்க்கிறது? 4க்கும் 3க்கும் கச்சிதமா 5 வரும், அழகான கணக்கு. ஆனா 10க்கும் 10க்கும் 13 முக்கால்தான் வரும். மூணு நூல் குறையும். இங்க அது வேண்டாம்.

இஞ்சம்பாக்கத்துல ஒரு பெரியவர், ஆசாரி, கணக்கே போட மாட்டார். சிமெண்ட் தரையில சாக்பீஸால மூலையை நெஜ அளவுக்கு வரைஞ்சு, அது மேல ஒரு ரீப்பரை (மெல்லிய மரச் சட்டம்) குறுக்கே வச்சு, ஒவ்வொரு படிக்கும் பென்சில்ல ஒரு கீறு. அவ்வளவுதான். ஸ்ட்ரிங்கர் முன்பக்கத்தை ரெண்டு பக்கமும் 45 டிகிரி சீவிடுவார், ரைசர் பலகை (படியோட முன்னாடி நிக்கிற பலகை) ரெண்டும் அதுல ஒட்டி உக்காரும்.

ஆனா நீங்க இன்னொண்ணும் கேட்டிருக்கணும்: மிதிபலகை ரெண்டும் சேர்ற அந்த 45 டிகிரி கட்டிங், நாளாக நாளாக ஏன் வாய் பிளக்குது? மரம் நீளவாக்குல அவ்வளவா மாறாது, அகலத்துலதான் சுருங்கும், ஊதும். கத்திரி வெயில்ல சுருங்கினா உள்பக்கம் திறக்கும். ஐப்பசி மழையில ஊதினா வெளிமுனை திறக்கும். பசை, ஆணி எதுவும் அதை நிறுத்தாது. அதனால ஒரு நூல் இடைவெளி விட்டே பொருத்துங்க. ரெண்டு பலகை நுனிக்கும் கீழ மரம் இருக்கணும். ஒத்தை ஸ்ட்ரிங்கர் கனம் போதாது, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு துண்டு சேர்த்து போல்ட் போடுங்க.